12 நாள்ல முடிவு கட்டாதீங்க

சிஸ்டர், மார்பகத்துல சிலிகான் இம்ப்ளான்ட் (உள்ளே வைக்கிற பை) வச்ச ஆபரேஷன் முடிஞ்சு 12 நாள்ல இடது பக்கம் மட்டும் மேலே நிக்குது, கெட்டுப்போச்சான்னு கேட்டிருக்கீங்க. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. தசைக்கு அடியில சிலிகான் வச்சா தசை இறுக்கிப் பிடிச்சுக்கும். இறங்கி அமைய 3 முதல் 6 மாசம்கூட ஆகலாம். ரெண்டு பக்கமும் ஒண்ணாவா இறங்கும்? மூணாவது வாரத்துலயும் நான் முன்பக்கம் பட்டன் வச்ச நைட்டிதான், தலை வார அம்மாதான். தண்ணிக் குடத்தைத் தூக்கிடாதீங்க.

ஆனா ஒரு பக்கம் திடீர்னு வீங்கினாலோ, சிவந்து காய்ச்சல் வந்தாலோ அன்னிக்கே டாக்டரைப் பாருங்க.

இம்ப்ளான்ட் ஆயுசுக்கும் தாங்கும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. சிலிகானுக்கு 5-6 வருஷத்துல முதல் ஸ்கேன், அப்புறம் 2-3 வருஷத்துக்கு ஒண்ணுன்னு அமெரிக்காவோட மருந்து, மருத்துவக் கருவி கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ சொல்லுது. இம்ப்ளான்ட் நம்பர் இருக்கிற கார்டை ஆதாரோட சேர்த்து வைங்க.