ஒன்றரை ஷிப்ட் கணக்கு

கேள்வி: திருப்பூரில் சட்டம் பேசினால் பனியன் ஆர்டரெல்லாம் பங்களாதேஷுக்குப் போய்விடும், உலகப் போட்டியில் 12 மணி நேரம் உழைக்கத்தான் வேண்டும் என்கிறார்களே, நியாயம்தானே?
- வாசகர், அவிநாசி

பதில்: நியாயமில்லை. போட்டி நிஜம்தான். எந்த நாட்டிலிருந்து எவ்வளவு வாங்கலாம் என்று வரம்பு வைத்த ஜவுளி கோட்டா 2005 ஜனவரி 1-இல் ஒழிந்ததிலிருந்து அமெரிக்க, ஐரோப்பிய கம்பெனிகள் எந்த நாட்டிலும் எவ்வளவும் வாங்கலாம். ஆனால் அந்தப் போட்டிக்கு யார் பணம் கட்டுகிறார்கள்?

ஒரு ஷிப்ட் 8 மணி நேரம். கூட 4 மணி நேரம் நின்றால் ஒன்றரை ஷிப்ட். வாரம் 6 நாளும் இப்படி உழைத்தவருக்குப் பல கம்பெனிகளில் சனிக்கிழமை 9 ஷிப்ட் கூலி போடுகிறார்கள். அவர் வேலை செய்ததோ 72 மணி நேரம். அவ்வளவு நேரம் வேலை வாங்குவதே சட்ட வரம்பை மீறியது. வாரம் 48 மணியைத் தாண்டினால் இரட்டைக் கூலி என்றது 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 59-ஆவது பிரிவு. அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இரட்டைக் கூலி அப்படியேதான் இருக்கிறது. மிகுதி 24 மணிக்கு இரட்டை என்றால் 6 ஷிப்ட். ஆக 12 ஷிப்ட் கூலி வரவேண்டும். வாராவாரம் 3 ஷிப்ட் கூலி பறிபோகிறது! உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பீஸ் ரேட்காரருக்கும் இந்த உரிமை உண்டு. முந்தைய மாதத்துச் சராசரிச் சம்பாத்தியத்தை வைத்துக் கணக்குப் போடச் சொன்னது 59-ஆவது பிரிவு.

ஆர்டர் கொடுத்து வாங்குகிற வெளிநாட்டுக்காரர் விலையையும் குறைக்கிறார், தயாரித்துக் கொடுக்கும் அவகாசத்தையும் குறைக்கிறார். சாயப்பட்டறையிலிருந்து துணி தாமதமாக வந்தாலும் ஷிப்மென்ட் தேதி நகராது. கப்பலை விட்டால் விமானச் செலவு ஏற்றுமதியாளர் தலையில் விழும். அதற்குப் பயந்து, பவர் டேபிளில், அதாவது மின்தையல் மெஷினில் இருப்பவரை ராத்திரி உட்கார வைக்கிறார். பிராண்டின் ஆடிட்டர் மெயின் கம்பெனியைப் பார்த்துவிட்டுப் போகிறார். அந்தக் கம்பெனிக்காகக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் பக்கம் எட்டிப் பார்ப்பது அபூர்வம்.

வாங்குகிறவரைக் கட்டுப்படுத்தவே முடியாதா? திண்டுக்கல்லில் நடந்திருக்கிறது. ஒரு பெண் தொழிலாளியின் கொலைக்குப் பிறகு, 2022-இல் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்க ஈஸ்ட்மேன் ஏற்றுமதி நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. எச் அண்ட் எம், கேப், பிவிஹெச் என்ற வெளிநாட்டு உடைக் கம்பெனிகள் மூன்றும் தனியே கையெழுத்திட்டன. ஆலை மீறினால் அந்தக் கம்பெனிகள் சும்மா இருக்க முடியாது என்று ஆனது. ஓவர்டைம் கூலிக்கும் சங்கங்கள் இதே பிடியைக் கேட்க வேண்டும்.

அதுவரை தொழிலாளர்கள் உள்ளே போன, வெளியே வந்த நேரத்தைத் தினமும் சொந்த நோட்டில் எழுதுங்கள். கூலிச் சீட்டைத் தொலைக்காதீர்கள். உங்களை வேலைக்கு வைத்த கான்ட்ராக்டர் கைவிரித்தால், வேலை வாங்கிய கம்பெனியே பாக்கியைக் கொடுத்தாக வேண்டும்.