வங்கிக் காவலாளியான அப்பா துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கிறார். குழந்தைகள் இருந்தால் சட்டம் என்ன சொல்கிறது?

உங்கள் வீடு சென்னை தண்டையார்பேட்டையில், துப்பாக்கி இருப்பது வீட்டின் ஒரே பீரோவில், வீட்டில் இரண்டு பேரப்பிள்ளைகள் என்கிறீர்கள். குழந்தைகள் உள்ள வீட்டுக்கென்று நம் நாட்டில் தனிச்சட்டம் கிடையாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டு விதிகளும்தான். 21 வயது நிரம்பாதவர் துப்பாக்கி வைத்திருப்பதை அந்தச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. பாதுகாப்பாக வைப்பேன் என்ற உறுதிமொழி உரிமம் வாங்கும்போதே கேட்கப்படும். உரிம நிபந்தனையை மீறினால் ஆயுதச் சட்டத்தின் 30ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அலட்சியத்தால் உயிர் போனால் கதையே வேறு: இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதாவின் 106ஆவது பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு.

சரி, நடைமுறைக்கு வருவோம். புடவை, நகை, பள்ளிச் சான்றிதழ் எல்லாம் இருக்கும் பீரோவை நாள் முழுக்க யாராவது திறப்பார்கள். சாவியோ சாமி படத்துப் பின்னால் இருக்கும். பிள்ளைகளுக்கு அது தெரியாதென்று நம்புவது பெரியவர்கள் மட்டும்தான்! சுவரோடு போல்ட் போட்ட தனி இரும்புப் பெட்டி வாங்குங்கள். தோட்டாவை எடுத்துவிட்டு, அதை வேறிடத்தில் தனியாகப் பூட்டுங்கள். சாவி அப்பாவிடம் மட்டும். ஊருக்குப் போகும் நாட்களில் உரிமம் பெற்ற ஆயுதக் கடையில் ஒப்படைக்க முடியுமா என்று காவல் நிலையத்தில் கேளுங்கள். சென்னையில் உரிமம் தருவது காவல் ஆணையர் அலுவலகம் என்பதால், நிபந்தனைகளில் சந்தேகம் இருந்தால் அங்கேயே எழுதிக் கேட்கலாம்.