பதில்: வைப்ரஃபோனோடு சேர்ந்தால் மட்டும் கிட்டார் சுருதி விலகுகிறது

டியூனரில் (சுருதி அளக்கும் கருவி) ‘ஏ’ சுரத்தின் அளவை 440 ஹெர்ட்ஸிலிருந்து (நொடிக்கு 440 அதிர்வு) 442-க்கு மாற்றிக் கிட்டாரைச் சுருதி சேருங்கள். தனியாக வாசிக்கும்போது சரியாக இருப்பது டூயட்டில் மட்டும் உரசுகிறது என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். வைப்ரஃபோன், உலோகக் கட்டைகளைக் கோலால் தட்டி வாசிக்கும் கருவி. அதன் கட்டைகள் பல, தயாரிக்கும்போதே 442 ஹெர்ட்ஸுக்குத் தேய்க்கப்பட்டவை. அவற்றை மேடையில் திருக முடியாது. ஏறி வரவேண்டியது கிட்டார்தான்.

சோதனை: கிட்டார் 440-இல் இருக்கும்போதே செய்யுங்கள். வைப்ரஃபோனின் ஒலியை அலையவைக்கும் மோட்டாரை நிறுத்துங்கள் (சுழன்றால் அதன் அலையே காதை ஏமாற்றும்). வைப்ரஃபோன் வாசிப்பவரை, ஒலி நீடிக்கப் பெடலை மிதித்து, கீழிருந்து இரண்டாவது ‘ஏ’-வைத் தட்டச் சொல்லி, கூடவே முதல் தந்தியின் 5-ஆம் ஃபிரெட்டை மீட்டுங்கள். நொடிக்கு இரண்டு முறை ‘வவ்... வவ்’ என ஒலி எழுந்து அடங்கினால் அதே 2 ஹெர்ட்ஸ் வித்தியாசம்.

எல்லாக் கருவியும் 442 அல்ல, 440-உம் உண்டு. முதலில் அந்தக் கட்டையை டியூனரில் அளந்துவிடுங்கள். மேடை விளக்குச் சூட்டில் உலோகக் கட்டை லேசாக இறங்கும். நைலான் தந்தியும் நகரும். ஆகவே விளக்கு எரிந்தபின் இன்னொரு முறை அளந்து சுருதி சேருங்கள்.