ஒரிஜினல் சர்டிபிகேட் அவர்களிடம், நான் எப்படி வெளியே வருவது?

கேள்வி: தனியார் மருத்துவமனையில் ஐசியூ ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். சேரும்போது இரண்டு வருடம் வேலை பார்ப்பதாகவும், இடையில் போனால் 1 லட்சம் ரூபாய் கட்டுவதாகவும் பாண்டு எழுதி வாங்கினார்கள். பி.எஸ்சி. ஒரிஜினல்களையும் கையெழுத்து மட்டும் போட்ட ஒரு செக்கையும் கூடவே வாங்கிக்கொண்டார்கள். 15 மாதம் ஆகிவிட்டது. விடாமல் நைட் டியூட்டி. தூக்கத்திலும் வென்டிலேட்டர் அலாரம் கேட்கிறது. டயாலிசிஸ் பிரிவுக்கு மாற்றக் கேட்டேன், முடியாது என்றுவிட்டார்கள். வேறோர் இடத்தில் டயாலிசிஸ் வேலை கிடைத்திருக்கிறது. ‘போனால் கவுன்சிலில் சொல்லி உன் பதிவையே ரத்து செய்வோம்’ என்கிறார் மேட்ரன் (நர்ஸ்களின் தலைமைப் பொறுப்பாளர்). என்ன செய்வது?

பதில்: சகோதரி, முதலில் மேட்ரன் சொன்னதைப் பார்த்துவிடுவோம், உங்களை அதிகம் பயமுறுத்தியிருப்பது அதுதான். ராஜினாமா செய்ததற்காக எந்த நர்சிங் கவுன்சிலும் பதிவை ரத்து செய்யாது. கவுன்சில் விசாரிப்பது தொழில் ஒழுங்கீனத்தை. ஆனால் ஒன்று: மனம் வெறுத்துப்போய் டியூட்டியின் நடுவில் நோயாளிகளை யாரிடமும் ஹேண்டிங் ஓவர் செய்யாமல் கிளம்பினால், அது ஒழுங்கீனம்தான். மேட்ரன் கையில் இல்லாத ஆயுதத்தை நீங்களே கொடுத்ததாகிவிடும். கடைசி ஷிஃப்ட்டில்கூட ஒப்படைப்பை எழுத்தில் முடித்துவிட்டே வெளியே வாருங்கள்.

அடுத்து பாண்டு. ‘பாண்டு எல்லாம் கோர்ட்டில் செல்லாது’ என்று உடன் வேலை பார்ப்பவர்கள் சொல்லியிருப்பார்கள். அதை அப்படியே நம்பாதீர்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அது பொதுத்துறை வங்கி. ஒரு அதிகாரி விலகினால் மறுபடி விளம்பரம், போட்டித் தேர்வு என்று முழு நடைமுறையையும் செலவு செய்து நடத்த வேண்டும் என்பதை நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. உங்கள் மருத்துவமனை அப்படி என்ன செலவைக் காட்டப்போகிறது?

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் பிரிவு 74 இங்கேதான் உதவும். பத்திரத்தில் எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே; நீதிமன்றம் நியாயமான இழப்பீட்டைத்தான் கொடுக்கும். நான் படித்துப் பார்த்த மருத்துவமனைப் பாண்டுகளில் ‘பயிற்சி’ என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வரும். விசாரித்தால், சேர்ந்த மறுநாளே முழு டியூட்டி போட்டிருப்பார்கள். உங்கள் முதல் மாத டியூட்டி ரோஸ்டர் போனில் போட்டோவாக இருந்தால் பத்திரமாக வையுங்கள்; பயிற்சிச் செலவு என்று அவர்கள் கேட்டால் அதைக் காட்டி மறுக்கலாம். 24 மாதத்தில் 15 மாதம் உழைத்துக் கொடுத்திருக்கிறீர்கள் என்பதும் உங்கள் பக்கம் நிற்கும். எப்படிப் பார்த்தாலும் அவர்களால் கேட்க முடிந்தது பணம் மட்டும்தான். உங்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்க எந்த நீதிமன்றமும் உத்தரவு போடாது. விலகிய பிறகு பக்கத்து மருத்துவமனையில் சேரக்கூடாது என்று ஏதாவது வரி இருந்தால், அதே சட்டத்தின் பிரிவு 27-படி அது செல்லாது.

உண்மையில் எனக்குக் கவலை தருவது அந்த செக்தான். வெற்று செக் என்பதால் பயனில்லை என்று நினைக்காதீர்கள். தொகையை எழுதி வங்கியில் போட்டு, பணமில்லை என்று திரும்பினால், 30 நாளுக்குள் உங்களுக்கு நோட்டீஸ் வரும். அது கையில் கிடைத்த நாளிலிருந்து பணம் கட்ட உங்களுக்கு 15 நாள் அவகாசம். அதற்குள் கட்டாவிட்டால், செலாவணி முறிச் சட்டம் பிரிவு 138-இன்படி இது குற்ற வழக்கு. ‘ஸ்டாப் பேமென்ட்’ கொடுத்தாலும் இந்த வழக்கு வரலாம். ஆகவே ராஜினாமாக் கடிதத்திலேயே செக் எண்ணைக் குறிப்பிட்டு, ‘வேலையில் சேர்ந்தபோது தொகை எழுதாமல் ஈடாகக் கொடுத்தது, கடன் எதற்கும் அல்ல, திருப்பித் தரவும்’ என்று எழுதிவிடுங்கள். நோட்டீஸ் வந்தால் பரணில் போட்டுவிட்டு இருக்காமல், அந்த 15 நாளுக்குள் வக்கீல் மூலம் பதில் அனுப்புங்கள்.

ஒரிஜினல்கள் விஷயத்தில் தயக்கமே வேண்டாம். அவை உங்கள் சொத்து. கல்விச் சான்றிதழ் ஒன்றும் விற்பனைச் சரக்கல்ல, பணத்துக்காகப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முதலில் கடிதம், பிறகு வக்கீல் நோட்டீஸ், கவுன்சிலுக்குப் புகார், அதற்கும் அசையவில்லை என்றால் சிவில் வழக்கு. பெரும்பாலும் நோட்டீஸ் கட்டத்திலேயே பீரோ திறந்துவிடும்.

ராஜினாமாக் கடிதத்தில் உங்கள் வேதனையை எல்லாம் கொட்டாதீர்கள். ‘என் மனநிலை நர்ஸ் வேலைக்குத் தகுதியாக இல்லை’ என்று ஒரு வரி எழுதினால் அது உங்கள் கோப்பிலேயே தங்கிவிடும். நாளை வழக்கென்று வந்தால் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். ‘பணிப்பிரிவு மாற்றம் கேட்டேன், கிடைக்கவில்லை, விலகுகிறேன், இன்ன தேதி என் கடைசி வேலை நாள்’ என்பது போதும். இதையும் கவனியுங்கள்: உலக சுகாதார நிறுவனம் தன் ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் ‘பர்ன் அவுட்’டை (வேலை அழுத்தத்தால் வரும் கடும் சோர்வை) நோயாகச் சேர்க்கவில்லை, வேலை சார்ந்த நிலை என்றுதான் வைத்திருக்கிறது. எனவே மருத்துவரைப் பார்க்கும்போது தூக்கமின்மை, பதற்றம் என்று அவர் கண்டறிவதைக் குறிப்பில் எழுதித் தரச் சொல்லுங்கள். நைட் டியூட்டி குறைக்கக் கேட்டு அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காதீர்கள். பாண்டுத் தொகையைக் குறைக்கச் சொல்லிப் பேசும்போது இவைதான் கைகொடுக்கும்.

நோட்டீஸ் பீரியட் முழுவதும் வேலை பாருங்கள். கடிதத்தைக் கையில் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள். தர மறுத்தால் மின்னஞ்சலோடு ஒப்புகையுடன் கூடிய ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்புங்கள்.

அப்புறம் பி.எஃப். பணத்தை எடுக்காமல் புதிய இடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். விலகிய தேதியை அவர்கள் பதிவு செய்யாமல் இழுத்தடித்தால், கடைசி சந்தா கட்டி இரண்டு மாதம் கழிந்ததும் யுஏஎன் (பி.எஃப். உறுப்பினர் எண்) கணக்கில் நீங்களே அதைப் பதிவு செய்யலாம்.