வீட்டுக் கடனுக்காக வரிக் கணக்கைப் பார்க்க அனுமதி: வெற்றுப் படிவத்தில் கையெழுத்திடலாமா?

கேள்வி: அமெரிக்காவில் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்துள்ள நானும் என் மனைவியும் வரிக் கணக்கைக் கூட்டாகத் தாக்கல் செய்பவர்கள். அதன் நகல்களைக் கொடுத்த பிறகும், எங்கள் வரித் தகவலை வரித் துறையிடமிருந்து கடன் கொடுப்பவர் பெற அனுமதிக்கும், ஆண்டு எதுவும் குறிப்பிடாத 4506-சி படிவத்தில் கையெழுத்திடும்படி தரகர் கேட்கிறார். கடந்த ஆண்டுக் கணக்கில் ஒரு திருத்தமும் செய்திருக்கிறோம். நாங்கள் மறுக்கலாமா?

பதில்: மறுக்கலாம், கையெழுத்திட்டே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் மறுத்தால் பெரும்பாலும் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். கடன் வாங்குபவரின் வருமானத்தை நம்பத்தக்க ஆவணங்களைக் கொண்டு சரிபார்க்க வேண்டிய கடமை, 2014 ஜனவரி முதல் கடன் கொடுப்பவருக்குக் கூட்டாட்சி விதிகளின்படி உண்டு. நீங்கள் கொடுத்த நகலும், அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ்ஸில் தாக்கலான கணக்கும் ஒன்றுதானா என்பதை ஐஆர்எஸ் தரும் டிரான்ஸ்கிரிப்டை (உங்கள் வரிக் கணக்கின் பதிவுச் சுருக்கத்தை) பார்த்தே அவர் உறுதிசெய்துகொள்கிறார். கடன் கொடுத்தவர்களிடமிருந்து வீட்டுக் கடன்களை விலைக்கு வாங்கும் ஃபேனி மே போன்ற நிறுவனங்களும் அக்கடன்களுக்கு இந்தப் படிவத்தைக் கேட்கின்றன. கடன் முடிவாகும் நாளில் இன்னொரு முறை கையெழுத்துக் கேட்டாலும் வியப்படைய வேண்டாம்.

வெற்றுப் படிவத்தில் மட்டும் கையெழுத்திடாதீர்கள். உரிய இடங்களை நிரப்பாமல் கையெழுத்திடக் கூடாது என்று அந்தப் படிவமே எச்சரிக்கிறது. கடன் கொடுப்பவரின் பெயர், அவருக்காகத் தகவல் கோரும் நிறுவனத்தின் பெயர், 6-ஆம் வரியில் எவ்வகை டிரான்ஸ்கிரிப்ட், 8-ஆம் வரியில் எந்தெந்த ஆண்டுகள் ஆகியவற்றை உங்கள் கண்முன் நிரப்பச் சொல்லி, ஒரு நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கையெழுத்திட்ட நாளிலிருந்து 120 நாட்களுக்குள் படிவம் ஐஆர்எஸ்ஸைச் சேராவிட்டால் அது செல்லாது. கூட்டுக் கணக்குக்கு உங்கள் இருவரில் ஒருவராவது கையெழுத்திட வேண்டும்; ஆனால் இருவரின் பெயரும் வரி அடையாள எண்ணும் படிவத்தில் இருந்தால் இருவருமே கையெழுத்திட வேண்டும். இருவருக்கும் சம்பளம் மட்டுமே வருமானம் என்றால், டபிள்யூ-2 (வேலை கொடுப்பவர் தரும் ஆண்டுச் சம்பளச் சான்று) விவரம் மட்டும் போதாதா என்றும் தரகரிடம் கேட்டுப் பாருங்கள், கேட்பதில் தவறில்லை.

உண்மையில் நான் இதைவிடக் கவனமாகப் படிக்கச் சொல்வது, இத்துடன் சேர்த்து நீட்டப்படும் ஒப்புதல் கடிதத்தைத்தான். வரிச் சட்டத்தின் 6103-ஆம் பிரிவில் 2019-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, உங்கள் ஒப்புதலால் வரித் தகவலைப் பெற்றவர் அதை நீங்கள் குறிப்பிட்ட நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். உங்கள் வெளிப்படையான அனுமதியின்றிப் பிறருக்குக் கொடுக்கக் கூடாது. அந்த அனுமதியைப் பெறுவதற்காகவே இக்கடிதம். உங்கள் கடனை விலைக்கு வாங்கப்போகும் நிறுவனம், தவணை வசூலிக்கும் நிறுவனம் ஆகியவற்றோடு நிற்காமல், விளம்பரம், பிற சேவைகள் என்று அதன் வாசகம் நீண்டால், அப்பகுதியை நீக்கித் தரும்படி எழுத்துமூலம் கேளுங்கள்.

இனி உங்கள் திருத்தம். வரிக் கணக்கின் சாதாரண டிரான்ஸ்கிரிப்டில் (ரிட்டர்ன் டிரான்ஸ்கிரிப்ட்) நீங்கள் முதலில் தாக்கல் செய்த எண்களே இருக்கும். பின்னர் செய்த மாற்றங்கள் அக்கவுண்ட் டிரான்ஸ்கிரிப்டில்தான் தெரியும். திருத்திய எண்களைத் தரகரிடம் கொடுத்துவிட்டு முதல் வகையை மட்டும் அவர் வரவழைத்தால், இரண்டும் பொருந்தாமல் நீங்கள் எதையோ மறைத்ததாகத் தோன்றும். ஆகவே 1040-எக்ஸ் எனும் திருத்தப் படிவத்தின் நகலையும் திருத்தத்துக்கான காரணத்தையும் இப்போதே எழுத்தில் கொடுத்து, இரண்டு வகை டிரான்ஸ்கிரிப்டுகளையும் கோரச் சொல்லுங்கள். ஐஆர்எஸ் இணையதளத்தில் உங்கள் கணக்கில் நுழைந்து அவற்றை நீங்களே இலவசமாக எடுக்கலாம். தரகர் பார்ப்பதற்கு முன் நீங்கள் பார்த்துவிடுவது நல்லது.