குடும்பத்துக்குச் சொந்தமான காட்டைத் துண்டாக்காமல் அடுத்த தலைமுறைக்கு எப்படிக் கொடுப்பது?

பெற்றோர் பெயரில் காடு இருக்கிறது, பிள்ளைகள் மூன்று பேர், ஒருவருக்குக் காட்டின் மேல் பிடிப்பு, ஒருவருக்குப் பணம் தேவை, மூன்றாமவர் இதுவரை வாயே திறக்கவில்லை. உயிலில் "மூவருக்கும் சம பங்கு" என்று எழுதிவிட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. காடு வைத்திருக்கும் குடும்பத்துக்கு அந்த ஒற்றை வரிதான் பெரிய ஆபத்து. தனியார் காடுகளில் மரக் கணக்கு எடுப்பதும் பராமரிப்புத் திட்டம் எழுதிக் கொடுப்பதும் என் தொழில். ஒரே காட்டைப் பெற்றோர் காலத்திலும் அவர்களுக்குப் பிறகும் பார்த்திருக்கிறேன். ஆகவே வழக்கறிஞரிடம் போவதற்கு முன், காட்டின் பக்கத்திலிருந்து சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

காட்டின் கணக்கு மனித ஆயுளோடு பொருந்துவதில்லை. வேகமாக வளரும் பைன் தோப்பே முழு வெட்டுக்கு வர 25 முதல் 40 ஆண்டு எடுக்கும். நல்ல பலகை தரும் ஓக் மரத்துக்கு நூறு ஆண்டுக்கு மேல் வேண்டும். நட்டவர் ஒருவர், வளர்ப்பவர் ஒருவர், வெட்டுபவர் வேறொருவர். இடையில் அவ்வப்போது நெருக்கமாக நிற்கும் மரங்களில் எதை எடுப்பது, எதை விடுவது என்று யாராவது முடிவு செய்தே ஆக வேண்டும். பங்காளிகளுக்குள் ஒத்துப்போகாவிட்டால் அந்த வேலை நடக்காது. மரங்கள் ஒன்றையொன்று நெருக்கி மெலியும். வறட்சி வந்தால் பட்டை வண்டு ஏறும், காய்ந்தவை நெருப்புக்குத் தீனியாகும்.

இதைவிட மோசமானது அவசர வெட்டு. யாருக்காவது உடனே பணம் வேண்டும் என்று தெரிந்தால் மர வியாபாரி வந்து, "பெரிய மரங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், சின்னதெல்லாம் வளரட்டும்" என்பார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே காலத்தில் முளைத்த காட்டில் சின்ன மரம் இளைய மரம் கிடையாது. பெரியதற்கும் அதற்கும் ஒரே வயது. வெளிச்சத்துக்கான போட்டியில் தோற்றுப்போனது, அல்லது அதன் இனமே மெதுவாக வளரும் இனம். நல்ல மரங்கள் போன பிறகு விதை போடப்போவதும் இந்த மிச்சம்தான். தூரத்திலிருந்து பார்த்தால் காடு பச்சையாகத்தான் இருக்கும். மதிப்பும் வீரியமும் போயிருக்கும், மீள்வதற்குப் பல பத்தாண்டு ஆகும். தகப்பனார் பொத்திப் பொத்தி வளர்த்த தோப்புகளுக்கு, அவர் போன கொஞ்ச காலத்திலேயே இப்படி நேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை. யார் முடிவெடுப்பது என்று ஒரு காகிதத்திலும் எழுதியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

இனி அந்தச் சம பங்கு. உயில் இல்லாமலோ "எல்லோருக்கும் சமமாக" என்றோ விட்டால், பெரும்பாலான நாடுகளில் அது பிரிக்கப்படாத கூட்டுச் சொத்தாகிறது. எந்தப் பங்காளியும் நீதிமன்றம் போய்ப் பிரித்துக் கொடு அல்லது விற்றுக் கொடு என்று கேட்கலாம். இதன் கொடுமையான முகம் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் தெரிந்தது. உயில் எழுதாமல் தலைமுறை தலைமுறையாக வந்த நிலங்களில், எங்கோ இருக்கும் தூரத்து உறவினரின் சிறு பங்கை வெளியாள் ஒருவர் வாங்குவார். பிறகு முழு நிலத்தையும் ஏலம் விடக் கோரி வழக்குப் போட்டுக் குறைந்த விலைக்கு எடுத்துக்கொள்வார். கறுப்பினக் குடும்பங்கள் இப்படி ஏராளமான நிலத்தை இழந்தன. இதைத் தடுக்க 2010-ல் அங்கே ஒரு மாதிரிச் சட்டம் உருவாக்கப்பட்டு, பல மாநிலங்கள் அதை ஏற்றுள்ளன: நிலத்துக்குச் சுதந்திரமான மதிப்பீடு வேண்டும், விற்கக் கேட்பவரின் பங்கை மற்றவர்கள் வாங்க முதலில் வாய்ப்புத் தர வேண்டும், விற்றே ஆக வேண்டுமென்றால் சந்தை விலைக்கு விற்க முயல வேண்டும். நல்ல சட்டம்தான், ஆனால் அது வேலை செய்யத் தொடங்குவதே குடும்பம் நீதிமன்ற வாசலுக்கு வந்த பிறகு.

அளந்து பிரித்துக்கொண்டாலும் சிக்கல் தீராது. பிரான்சில் காட்டின் நான்கில் மூன்று பங்கு தனியாருடையது. முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட உரிமையாளர்கள், அவர்களில் பெரும்பாலோரிடம் ஒரு ஹெக்டேர்கூட இல்லை. அந்த அளவுத் துண்டுக்காக இயந்திரத்தையும் லாரியையும் வரவழைத்தால் செலவு கட்டாது. சில வாரிசுகளுக்குத் தங்கள் துண்டு எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: உரிமையைப் பங்கிடுங்கள், நிலத்தைப் பங்கிடாதீர்கள், முடிவெடுக்கும் அதிகாரத்தை ஒரு கையில் கொடுங்கள். இதற்கான சட்ட வடிவம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்கக் குடும்பங்கள் வரையறுத்த பொறுப்பு நிறுவனம் (நிறுவனத்தின் கடன் பங்குதாரரின் சொந்தச் சொத்தைத் தொடாத வடிவம், LLC) தொடங்கி, காட்டை அதன் பெயருக்கு மாற்றிப் பிள்ளைகளுக்குப் பங்குகளைத் தருகிறார்கள். பிரான்சில் இதற்கென்றே 1954 முதல் வனக் குழுமம் என்ற அமைப்பு இருக்கிறது. பின்லாந்தில் பல உரிமையாளர்களின் காட்டை ஒன்றாக நிர்வகிக்கக் கூட்டுக் காடு என்ற வடிவம் உண்டு. அறக்கட்டளை வழியாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். பெயர் எதுவானாலும் உள்ளே எழுதும் ஒப்பந்தம்தான் உயிர். நிர்வாகி யார், அவரை எப்படி மாற்றுவது, அவர் தனியாகவே எவ்வளவு வரை வெட்டலாம், எதற்கு எல்லோர் சம்மதமும் வேண்டும், அவருடைய உழைப்புக்கு ஊதியம் உண்டா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஊதியத்தைப் பற்றி எழுதாமல் விடுபவர்கள் நிறைய. பத்து வருஷம் வேலி பார்த்த தங்கைக்கும் ஒருமுறைகூட வராத அண்ணனுக்கும் ஒரே தொகை போகும்போதுதான் மனக்கசப்பு தொடங்குகிறது.

அந்த ஒப்பந்தத்தில் நான் மிக முக்கியமாகக் கருதுவது வெளியேறும் வழி. "யாரும் விற்கக் கூடாது" என்று எழுதிக் கட்டிப்போட்டால், பணம் தேவைப்படுபவர் அந்தக் கட்டை உடைக்கத்தான் பார்ப்பார். பங்கை விற்க விரும்பினால் முதலில் குடும்பத்துக்குள் கேட்க வேண்டும், விலையைச் சுதந்திர மதிப்பீட்டாளர் சொல்ல வேண்டும், வாங்குபவர் பல ஆண்டுத் தவணையில் கொடுக்கலாம் என்று எழுதுங்கள். காட்டில் சொத்து மதிப்பு அதிகம், கையில் காசு குறைவு. தவணை இல்லாவிட்டால் உடன்பிறந்தவரின் பங்கை வாங்க மரத்தை வெட்டுவதுதான் ஒரே வழியாகிவிடும். பணம் வேண்டும் என்கிற பிள்ளைக்கு வேறு சொத்தையோ ஆயுள் காப்பீட்டுத் தொகையையோ கொடுத்து, காட்டைப் பிடிப்புள்ளவரிடம் விடுவதும் நல்ல ஏற்பாடுதான், காரணத்தைப் பெற்றோரே எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டால்.

வரி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை: ஆலோசகரைக் கேட்காமல் இப்போதே தானப் பத்திரம் எழுத வேண்டாம். அமெரிக்காவில் உயிரோடிருக்கும்போது தானமாகக் கொடுத்தால் பெற்றோர் வாங்கிய பழைய விலையே பிள்ளைக்கு அடக்க விலையாக, அதாவது பின்னால் விற்கும்போது வரிக்கான லாபத்தைக் கணக்கிடக் கழிக்கும் விலையாக, தொடரும். இறப்புக்குப் பிறகு வாரிசாக வந்தால் அன்றைய சந்தை மதிப்பு அடக்க விலையாகும். பின்னாளில் மரம் விற்கும்போது இந்த வித்தியாசம் பெரிய தொகை. அதனால் இறந்த தேதிக்கான மர மதிப்பீட்டை வனவியலாளரிடம் எழுதி வாங்கிவையுங்கள். வெறும் நில மதிப்பு போதாது. பிரான்சில் 30 ஆண்டு முறையாகப் பராமரிப்பதாக உறுதி கொடுத்தால், வாரிசு வரிக்கான கணக்கில் காட்டின் மதிப்பில் நான்கில் மூன்று பங்கு விலக்காகிறது. உங்கள் நாட்டில் இப்படிச் சலுகை உண்டா என்று கேளுங்கள். இருந்தால், இடையில் விற்றால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.

காடு ஒருபோதும் மனையாகக் கூடாது என்று பெற்றோர் உறுதியாக இருந்தால் பாதுகாப்பு உரிமைப் பத்திரம் என்ற வழி சில நாடுகளில் இருக்கிறது. நிலம் உங்களுடையதாகவே இருக்கும். அதில் கட்டடம் கட்டும் உரிமையை மட்டும் ஒரு பாதுகாப்பு அமைப்புக்கோ அரசுக்கோ எழுதிக் கொடுத்துவிடுகிறீர்கள். பிறகு யார் வாங்கினாலும் அந்தக் கட்டுப்பாடு தொடரும். அமெரிக்காவில் 1990-ல் தொடங்கிய கூட்டாட்சி அரசுத் திட்டம் ஒன்று இப்படிப்பட்ட உரிமைகளை விலைக்கு வாங்கவும் நிதி தருகிறது. எனக்கு இந்த வழி பிடிக்கும். ஆனால் இது பெரும்பாலும் நிரந்தரம். பிள்ளைகளுக்குத் தெரியாமல் கையெழுத்துப் போடக் கூடாது. முறையான மரம் வெட்டலையும் சாலைப் பராமரிப்பையும் அனுமதிக்கும் வாசகம் அதில் இருக்கிறதா என்று வரிக்கு வரி பாருங்கள்.

வாய் திறக்காத அந்த மூன்றாமவரிடமிருந்து தொடங்குங்கள். எல்லோரையும் உட்கார வைத்துக் கேட்டால் பேசுபவர்தான் பேசுவார். காடு உனக்கு என்ன, அதிலிருந்து உனக்கு என்ன வேண்டும், எதை ஒருக்காலும் ஒப்புக்கொள்ள மாட்டாய் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள், பெற்றோர் உட்பட. மருமகன், மருமகளையும் விட்டுவிடாதீர்கள். பங்கு அவர்கள் குடும்பத்துக்குள்ளும் போகிறது. அந்தக் காகிதங்களோடு வழக்கறிஞரிடம் போனால் அவர் எழுதும் ஒப்பந்தம் உங்கள் குடும்பத்துக்கானதாக இருக்கும்.

இதற்கிடையில் பிடிப்புள்ள பிள்ளை பெற்றோரோடு எல்லையைச் சுற்றி நடந்து எல்லைக் கற்களை வரைபடத்தில் குறிக்கட்டும். பக்கத்து நிலம் வழியாகப் போகும் பாதைக்கு எழுத்தில் உரிமை இருக்கிறதா என்று பார்க்கட்டும். பழைய வெட்டு ஒப்பந்தங்களை ஒரே கோப்பில் சேர்க்கட்டும். அடுத்து மரம் விற்கும்போது வியாபாரியோடு பேசுவதும் வெட்ட வேண்டிய மரங்களைக் குறிக்க வனவியலாளரோடு போவதும் அந்தப் பிள்ளையாக இருக்கட்டும். பெற்றோர் பக்கத்தில் இருந்து பார்த்து, கடைசிக் கையெழுத்தை மட்டும் போடட்டும்.