வாடிய பீஸ் லில்லி: முதலில் வேரைப் பாருங்கள்

கேள்வி: சென்ற ஓணத்தின்போது நர்சரியில் பூக்களோடு வாங்கிய பீஸ் லில்லிச் செடி இப்போது ஒரு பூவும் இல்லாமல், இலைகள் தொங்கி, நுனிகள் கருகி, அடி இலைகள் மஞ்சளாகி நிற்கிறது. தினமும் காலையில் ஒரு சொம்பு போர்வெல் தண்ணீர் ஊற்றி வந்தேன். வாடுவதைக் கண்டு மாலையிலும் ஊற்றத் தொடங்கினேன். ஒரு கரண்டி சூப்பர் பாஸ்பேட்டும் இட்டேன். தொட்டி ஹாலில் மேற்கு ஜன்னலோரம் இருக்கிறது. வீட்டில் தவழும் குழந்தையும் உண்டு. செடியைக் காப்பாற்ற முடியுமா?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: நடுத்தண்டும் சில வேர்களும் உறுதியாக இருந்தால் உங்கள் செடியைக் காப்பாற்றிவிடலாம். ஆனால் இன்று மாலை ஊற்ற வைத்திருக்கும் தண்ணீரை முதலில் நிறுத்துங்கள். தண்ணீர் கிடைக்காத பீஸ் லில்லியும், தண்ணீர் மிகுந்து வேர் அழுகிய பீஸ் லில்லியும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே தொங்கும். மண் எந்நேரமும் ஈரத்தில் ஊறிக் கிடந்தால் வேருக்குக் காற்று கிடைக்காது. மூச்சுத் திணறிய வேர் அழுகும். அழுகிய வேரால் சுற்றிலும் நீர் நிறைந்திருந்தாலும் அதை உறிஞ்ச முடியாது. ஆகவே இலை வாடுகிறது, வாடுவதைக் கண்டு நாம் மேலும் ஊற்றுகிறோம், நோய் முற்றுகிறது. தொட்டி மண்ணில் விரலை ஓர் அங்குலம் நுழைத்துப் பாருங்கள். மண் உலர்ந்து, தொட்டியும் தூக்கும்போது இலேசாக இருந்தால் அது வெறும் தாகம். நன்றாக நனைத்த சில மணி நேரத்தில் இலைகள் நிமிர்ந்துவிடும். ஈரமாகவும் கனமாகவும் இருந்தால் நோய் வேரில்தான் இருக்கிறது. இரு வேளையும் ஊற்றியிருப்பதையும் அடி இலைகள் மஞ்சளானதையும் பார்க்கும்போது, உங்கள் செடியில் இரண்டாவதையே எதிர்பார்க்கிறேன்.

தொட்டியைச் சாய்த்து, செடியை அடித்தூரில் பிடித்து மண்ணோடு வெளியே எடுத்து, வேரைச் சுற்றியுள்ள மண்ணை மெல்ல உதிர்த்து அலசுங்கள். வெளிறிய நிறத்தில் உறுதியாக இருப்பவை நல்ல வேர்கள். பழுப்பாக, தொட்டால் கொழகொழவென்று தோல் உரிந்து நாறுபவை அழுகியவை. ஸ்பிரிட்டால் துடைத்த கத்தரியால் அவற்றை முழுவதும் வெட்டிவிடுங்கள். வேர்கள் குறைந்துவிட்ட நிலையில் எல்லா இலைகளையும் செடியால் தாங்க முடியாது என்பதால், மஞ்சளான இலைகளை அடியோடு நீக்குவது நல்லது. பிறகு தேங்காய் நார்க்கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, பருமணல் அல்லது பெர்லைட் ஒரு பங்கு என்று கலந்து, அடியில் துளையுள்ள தொட்டியில் நடுங்கள். நார்க்கழிவில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்த பின்பே பயன்படுத்த வேண்டும். எஞ்சிய வேருக்கு அளவான சிறு தொட்டியே போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் நாட்கணக்கில் ஈரமாகவே கிடந்து மறுபடியும் அழுகலை உண்டாக்கும். நட்டவுடன் ஒருமுறை நனைத்து நீரை வடியவிட்டு, அதன் பின் மேல்மண் ஓர் அங்குலம் உலர்ந்தால் மட்டும் ஊற்றுங்கள். இத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கணக்கு வைக்க வேண்டாம்; மண்ணைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். புதிய இலை விரியும் வரை எந்த உரமும் கூடாது.

இலை நுனி கருகுவது வேறு செய்தி. உங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் அறிய வேண்டியது. உங்கள் ஊர் அடங்கிய சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதியில் மழை குறைவு. ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றின் நீரில் உப்பும் ஃபுளோரைடும் மிகுதி. பீஸ் லில்லி இரண்டையும் தாங்காது. நீராவி இலை வழியே வெளியேறும்போது கரைந்து வந்தவை நுனியிலும் ஓரத்திலும் தங்கி, அங்கே கருகத் தொடங்குகிறது. நீரைக் கொதிக்க வைத்தாலும் இரவு முழுக்கத் திறந்து வைத்தாலும் ஃபுளோரைடு போகாது. கொதிக்க வைத்தால் நீர் வற்றி அது இன்னும் செறிவாகும். ஆர்.ஓ. இயந்திரம் சுத்திகரித்துத் தரும் நீரை ஊற்றலாம்; ஆனால் அது வெளியே தள்ளும் கழிவு நீரைச் சிக்கனம் கருதிச் செடிக்கு ஊற்றும் வழக்கம் பல வீடுகளில் உண்டு, அதில்தான் உப்பு மிக அதிகம். மழை நீர் எல்லாவற்றிலும் சிறந்தது; இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் ஒரு டிரம்மில் பிடித்து மூடி வைத்தால் ஒரு தொட்டிச் செடிக்கு நெடுநாள் வரும். சூப்பர் பாஸ்பேட்டிலும் ஃபுளோரைடு உண்டு என்பதால் இனி இச்செடிக்கு அது வேண்டாம். கருகிய நுனி மீண்டும் பச்சையாகாது. இலையின் வடிவத்தை ஒட்டிக் கத்தரித்துவிடுங்கள்.

மேற்கு ஜன்னலிலிருந்து தொட்டியை நகர்த்துங்கள். கொலம்பியா முதலிய நாடுகளின் ஈரக் காடுகளில், மரநிழலில் வளரும் இனம் இது. மாலை வெயில் அதன் இலையைச் சுட்டுவிடும். வடக்கு அல்லது கிழக்கு ஜன்னலருகே, வெயில் நேராக விழாத நல்ல வெளிச்சமே ஏற்றது. மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் வறண்ட காற்று நேராகப் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். பூக்காததற்கு வெளிச்சக் குறைவே பொதுவான காரணம் என்றாலும், விற்பனைக்கு வளர்ப்போர் ஜிபெரெல்லிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியைத் தெளித்து ஒரே நேரத்தில் பூக்கச் செய்வதும் உண்டு. எனவே வாங்கியபோது இருந்த பூக்களை அளவுகோலாக வைத்து வருந்த வேண்டாம். செடி தேறி, சில புதிய இலைகள் விட்டபின் தானே பூக்கும்.

குழந்தையைப் பற்றிச் சொன்னது மிகவும் நன்று. இச்செடி சேனை, சேம்பு ஆகியவற்றின் குடும்பம். சேனையை நறுக்கும்போது கை அரிக்கக் காரணமான கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இதன் இலையிலும் தண்டிலும் உண்டு. மென்றால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். தவழும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில்தான் தொட்டி இருக்க வேண்டும். தவறி வாயில் வைத்துவிட்டால் வாயைத் துடைத்து, தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பீஸ் லில்லியின் வெள்ளைப் பூ சில வாரங்களில் பச்சையாகிவிடுகிறது. இது நோயா?
– வாசகர், செங்கோட்டை

பதில்: நோய் அன்று. வெள்ளையாகத் தெரிவது இதழ் அல்ல, பூங்கதிரைச் சூழ்ந்த பாளை. உண்மையான பூக்கள் நடுவிலுள்ள கதிரில் பொடிப்பொடியாக இருக்கின்றன. பாளை முதிரும்போது பச்சையாவது இயல்பே. அது பழுப்பாகத் தொடங்கியதும் காம்பை அடியோடு நறுக்கிவிடுங்கள். குற்றாலச் சாரல் உங்கள் ஊரை நனைக்கும் ஆனி, ஆடி மாதங்களில் மண் உலர நெடுநேரமாகும் என்பதால், அப்போது தண்ணீரைக் குறைத்தே ஊற்றுங்கள்.